போர்க்களம் காணச் சென்றோர் தங்க இடம் தேடிய வரலாறு

சரித்திர நூல்களிற் போர்களைப் பற்றிப் படிப்போர், எந்தச் சேனை எந்நாளில் வென்றது, எந்தக் கோட்டை எவர் வசமாயிற்று என்பவற்றை மனத்திற் கொள்ளுகின்றனர். அச்சேனை முன்னாள் இரவு எங்கே படுத்தது, யாருடைய நெல்லைப் பொங்கி உண்டது, அந்நெல்லுக்கு விலை கொடுத்ததா என்று வினவுவோர் மிகச் சிலர். நம் கல்லூரிச் சரித்திர சங்கத்தார் சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையிற் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் ஆகிய இடங்களுக்குச் செய்த யாத்திரையில் இவ்வினாக்களே எங்கள் உள்ளத்தில் முதன்மையாய் நின்றன. அவ்வாறு நிற்கச் செய்தது எங்கள் அறிவின் நுட்பமன்று. முப்பத்திரண்டு பேர் மூன்று இரவு தங்குவதற்கு இடந்தேடி அலைந்த அலைச்சலேயாம். அவ்வரலாற்றை நண்பர்கள் விரும்பியபடி இங்கு எழுதுகின்றோம்.

இப்பகுதியை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் தென்னாட்டிற் பொருத போர்களின் களங்கள் பல, இங்கே ஒரு நாட் பயணத்திற்குள் அடங்கியிருக்கின்றன. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திற் புனித டேவிட் கோட்டை நின்றது. அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால், 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் எதிர்த்து நின்ற பரங்கிப்பேட்டை. அதற்கும் அப்பால், நடராசப் பெருமான் கோயிலின் மதில்களே கோட்டைச் சுவர்களாய்ப் பயன்பட்ட சிதம்பரம். இவற்றை ஒரே நாளில் ஊர்தியில் ஓடிக் கண்டு திரும்புவது இயலும். ஆனால் அது காண்பதாகாது என்பது சங்கத்தாரின் ஒருமித்த கருத்து.

கல்லூரி முதல்வர் அவர்கள் யாத்திரைக்கு மகிழ்ச்சியுடன் இசைந்து, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்கள். உடன்வர விரும்பிய மாணவியர் பன்னிருவர்க்கும் தக்க தங்குமிடம் டிசம்பர் 10ஆம் தேதிக்குள் உறுதியாக வேண்டும். இன்றேல் அவர்கள் செல்லுதல் கூடாது என்பதே அது. நிபந்தனை நியாயமானதே. ஆனால் நாட்கள் கழியக் கழிய, 'மாணவர் மட்டும் சென்று வரலாமே' என்ற பேச்சுச் சங்கத்தில் மெல்ல எழுந்தது. பரங்கிப்பேட்டைப் போரின் வரைபடத்தை ஆறு வாரம் உழைத்து வரைந்தவர் ஒரு மாணவி. வரைந்தவர் வீட்டிலிருக்க, மற்றையோர் அப்படத்தைக் கையிலேந்திக் களங்காணச் செல்லுவது என்ன முறை? ஆதலின், அம்மாணவியும் ஒரு மாணவரும் சரித்திர ஆசிரியை ஒருவரும் ஆகிய மூவர் இடந்தேடும் குழுவாக அமர்ந்தோம். நாங்கள் என்று இக்கட்டுரையிற் கூறுவது முதலில் இம்மூவரையும், பின்னர்ச் சங்கத்தார் அனைவரையும் குறிக்கும்.

முதலிற் கடலூர் விடுதிகளுக்கு எழுதினோம். ஒருவருக்கு மூன்று நாளைக்கும் உணவும் உறையுளும் சேர்த்து 900 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது எங்கள் அளவு. கடலூர் விடுதிகளின் கட்டணத்தில் உறையுள் ஒன்றே அவ்வளவையும் விழுங்கிவிடும் போலிருந்தது. சிதம்பரத்திலோ வேறொரு தடை. மார்கழித் திருவாதிரைக்கு அங்குக் கூடும் கூட்டம் தமிழ்நாடு அறிந்தது. நாங்கள் குறித்த நாட்களில் திருவிழாவிற்குக் கொடியேறியிருக்கும். தேரோடும் வீதிகளையொட்டிய அறைகள் எல்லாம் முன்னரே பேசி முடிந்திருந்தன. தரிசனத்திற்கு வருவோர்க்கென ஏற்பட்ட சத்திரங்களில், அவர்களை விலக்கி எங்களை ஏற்கும்படி கேட்பதும் முறையன்று. ஓரிடத்தில் மட்டும் இடமுண்டென்றனர். ஆனால் மாணவியர்க்கெனத் தனி வழியும் தாழிடும் கதவும் அங்கு இல்லை. நகரங்களைக் கைவிட்டு நாட்டுப்புறத்தை நாடுவதே வழியென்று தெளிந்தோம்.

கார்த்திகை மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மூவரும் புறப்பட்டோம். கடலூரிலிருந்து சிதம்பரஞ் செல்லும் சாலையிற் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடத்திற்கருகில் முட்லூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே பேருந்து மாறுவதற்காக நின்ற பொழுது, தேநீர்க் கடைக்காரர் ஒருவர் எங்கள் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். கேட்டவர், "இதற்கா இத்தனை கவலை? மார்கழியிற் கல்யாணமேது? கல்யாண மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடக்குமே! ஊருக்குள்ளே போய்க் கேளுங்கள்" என்றார். பல நாட் கடிதப் போக்குவரவு தராத தெளிவை அவருடைய ஒரு சொல் தந்தது. மார்கழியில் விவாகம் செய்யாமை நம் நாட்டு வழக்கம். ஆகவே, ஆண்டின் மற்றை மாதங்களிற் கிடைத்தற்கரிய மண்டபங்கள் அம்மாதத்தில் வாடகை கேட்பாரின்றி இருக்கும். பெருங்கூட்டம் ஒன்று நாட்டுப்புறத்தில் தங்குவதற்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை என்பதை இப்பொழுது துணிந்து கூறுவோம்.

அவர் காட்டிய வழியே சென்று, அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பொது மண்டபத்தை அடைந்தோம். நீண்ட கூடம் ஒன்று. அதன் பின்புறம் பந்திக்கூடம். மணமகனறை, மணமகளறை என இரண்டு சிறு அறைகள். அண்டாவும் குண்டானும் அடுக்கிய சமையற்கட்டு. சுவரோரம் சுருட்டி வைத்த ஜமுக்காளங்கள். எல்லாம் நன்று. குளிக்குமிடம் மட்டும் ஒன்றே. அதன் கதவும் பழுது. ஊர்ப் பெரியவர்கள் நால்வர் வந்து திண்ணையில் அமர்ந்தனர். நாங்கள் முதல்வர் அவர்களின் கடிதத்தை நீட்டி வாடகையைப் பற்றிக் கேட்டோம்.

அவர்களுள் மூத்தவர் கடிதத்தைப் படித்து மடித்துத் திருப்பித் தந்தார். "வாடகை பிறகு பேசலாம், தம்பி. உங்களுக்குப் பொறுப்பாளி யார்?" என்றார்.

"கல்லூரிதான், ஐயா" என்றோம்.

"கல்லூரி இங்கே வந்து படுக்காதே. முன்பு ஒரு கூட்டத்தார் படம் எடுக்க வந்தார்கள். அவர்களும் கடிதம் வைத்திருந்தார்கள். போன பிறகு கிணற்றடியில் உடைந்த புட்டிகளைப் பிள்ளைகள் பொறுக்கின. வாடகையிற் பாதி இன்னும் வரவில்லை. பணத்திற்காகச் சொல்லவில்லை, எந்த முகத்தைப் பார்த்துக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்காகச் சொல்லுகிறேன்."

இதற்கு எங்களிடம் ஆயத்தமான விடையில்லை. சற்றுப் பொறுத்து எங்கள் ஆசிரியை, "ஐயா, மூன்று இரவும் நான் இங்கேயே தங்குவேன். ஏதேனும் கெட்டால் என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். என் வீட்டு முகவரியையும் எழுதித் தருகிறேன்" என்றார். பெரியவர்கள் ஒருவரையொருவர் நோக்கினர். அப்பொழுது, எதிர்வீட்டு வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். "பொம்பளைப் பிள்ளைகளை மண்டபத்தில் விடாதீர்கள். என் பிள்ளைகள் வெளியூரில். வீடு சும்மா கிடக்கிறது. கிணறும் குளிக்கிற அறையும் உண்டு. அவர்களெல்லாம் என் வீட்டிற் படுக்கட்டும், டீச்சரம்மா உள்பட. எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அவர் இடம் கொடுத்த வேகத்தைக் கண்ட பின்பு பெரியவர்களும் தயங்கவில்லை. மூன்று நாளைக்கு 6,000 ரூபாய், மின்சாரத்திற்குத் தனி என்று முடிவாயிற்று. அம்மையார் தம் வீட்டிற்கு வாடகை என்ற சொல்லையே எடுக்க விடவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி முதல்வர் அவர்களிடம் செய்தி சேர்ந்தது. பன்னிருவரும் வர இசைவு கிடைத்தது.

டிசம்பர் 27ஆம் தேதி மாலை அவ்வூரை அடைந்தோம். முதல் நாள்தான் கடற்கரை ஊர்களில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் மாண்டோர்க்காகக் கடலிற் பாலும் மலரும் இட்டு அஞ்சலி செய்திருந்தனர். பெரியவர் மண்டபத்தைத் திறந்துவிட்டு, "அந்த வருஷம் கரையிலிருந்து ஓடி வந்தவர்கள் இந்தக் கூடத்திலேதான் பல நாள் இருந்தார்கள். இந்த அண்டாக்களிலேதான் கஞ்சி" என்றார். அவர்களிடமும் பொறுப்பாளி யாரென்று கேட்டீர்களோ என்று எங்களில் ஒருவர் நகையாகக் கேட்டார். பெரியவர் நகைக்கவில்லை. "நனைந்து வந்தவனை யாரென்று கேட்கிறதா? அது வேறே, தம்பி" என்றார். அன்றிரவு அதே ஜமுக்காளங்களில் மாணவர் படுத்தபொழுது கூடத்தில் வழக்கமான ஆரவாரம் இல்லை.

மறுநாட் காலை ஐந்து மணிக்கு ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி எங்களை எழுப்பிவிட்டது. மார்கழியில் ஊர் உறங்குவதில்லை. கடலூரை நோக்கிச் சென்றோம். தேவனாம்பட்டினத்திற் புனித டேவிட் கோட்டையைக் காணச் சென்றவர் கோட்டையைத் தேட வேண்டும். கெடில நதி கடலொடு கலக்குமிடத்தருகே எஞ்சியிருப்பது மிகச் சிறிது. செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடம் 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் இதனை விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது உடன்படிக்கை. அவ்வாறே சுட்டு எல்லை வகுத்தனர்; உள்ளகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. 1746இற் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய பொழுது, அங்கிருந்து தப்பி வந்தவருள் கிளைவ் என்ற இளைஞரும் ஒருவர். 1752 வரை கிழக்குக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டையே. 1758 ஜூனில் லாலி இதனைப் பிடித்து இடித்துத் தள்ளினார். உழுது கொண்டிருந்தவன் தலைக்கு மேலே குண்டு ஒன்று பறந்து சென்று விழ, அன்றுமுதல் அவன் வேறொரு கொடியின் கீழ்க் குடியாயினான் என்பதை எண்ணிப் பார்த்தோம். அவனை யாரும் கேட்டதாக எந்த ஏடும் கூறவில்லை.

பிற்பகலில் வண்டிப்பாளையத்தை அடுத்த கேப்பர் மலைப் பக்கம் சென்றோம். 1783ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, கடலூரைக் காத்து நின்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் வரிசைகளை ஜெனரல் ஸ்டூவர்ட் இங்கே தாக்கினார். இரு பக்கத்திலும் சேர்ந்து ஆயிரவருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஜூன் 20இல் கடலில் ஸஃப்ரேனின் கப்பற்படை ஆங்கிலக் கப்பற்படையொடு பொருதது. 25இற் கோட்டையினின்று பிரெஞ்சுக்காரர் வெளிப்பாய்ந்து பொருதனர். அம்மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது: இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்தின் முதல் உடன்படிக்கையில் ஜனவரி 20ஆம் தேதியே கையொப்பமிட்டு விட்டன! ஐந்து மாதத்திற்கு முன்னரே தீர்ந்த பகைமைக்காக அம்மலையடிவாரத்தில் மாந்தர் மடிந்தனர். இன்று கைப்பேசியில் ஒரு நொடியிற் செய்தி அனுப்பும் எங்கள் மாணவர், இதனைக் கேட்டு நெடுநேரம் வாய் திறவாதிருந்தனர்.

மூன்றாம் நாட் காலை பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலிற் கலக்கும் அப்பழைய துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிச் சவுக்குத் தோப்புக்களிடையே நடந்தோம். 1781ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கூட்டின் சேனை கடலூரில் இருந்தது; சுற்றிலும் நாடு ஹைதரின் குதிரைப் படைக்கு வசம். கரையில் நெல்லில்லை, கடல் வழியே கப்பலில் வந்தாலன்றி அரிசியில்லை. பிப்ரவரியிற் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று வந்து நின்று, காரியஞ் செய்யாமல் திரும்பியதே அச்சேனையைப் பட்டினியினின்றும் காத்தது. ஜூன் 18இற் கூட் சிதம்பரங் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பரங்கிப்பேட்டைக் கரைக்குத் திரும்பினார். ஹைதர் கடலூருக்குச் செல்லும் வழியை மறித்து அரண் செய்தார். ஜூலை முதல் தேதி, எண்ணாயிரத்துச் சொச்சம் பேருடன், தமக்குப் பன்மடங்கான சேனையை நோக்கிக் கூட் நடந்தார். கடலோர மணல் மேடுகளின் மறைவிற் படையைத் திருப்பியும், கரையருகே நின்ற கப்பலின் பீரங்கியைத் துணைக்கொண்டும் வென்றார். இவை எல்லாம் மாணவியின் வரைபடத்தில் அம்புக் குறிகளாய் இருந்தன. அவரே முன்னின்று, 'முதல் அணி இங்கே, இரண்டாம் அணி அங்கே' என்று காட்டிய பொழுது, இந்த யாத்திரையில் அவர் இல்லாதிருந்தால் நாங்கள் கண்டிருப்பது வெறும் சவுக்குத் தோப்பே என்பதை அனைவரும் உணர்ந்தோம்.

மாலையிற் சிதம்பரஞ் சென்று, திருவிழாக் கூட்டத்தினூடே உயர்ந்த மதில்களைச் சுற்றி வந்தோம். 1753இற் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760இல் ஆங்கிலேயர் வசமாகி, பின்னர் ஹைதரின் காவற்படை தங்கிய இடம் அது. வழிபட வருவோர்க்காக எழுப்பிய சுவர்கள் அகலமாயும் உறுதியாயும் இருந்ததே குற்றமாயிற்று. வந்த சேனையெல்லாம் அதனுட் புகுந்தது. சிதம்பரத்தில் எங்களுக்கு ஓர் அறை கிடைக்கவில்லையே என்று கார்த்திகையில் வருந்தியதை அங்கே நினைத்தோம். இடமில்லை என்று சொல்லும் உரிமை ஓர் ஊருக்கு இருப்பது எவ்வளவு பெரிய சமாதானம்! அந்நாளில் அவ்வூரார்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை.

அன்றிரவு உணவிற்குப் பின் ஊரார் சிலர் மண்டபத்திற்கு வந்தனர். வரைபடத்தை விரித்துக் காட்டினோம். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக் கூர்ந்து பார்த்து, "சிவப்பு வெள்ளைக்காரன், பச்சை ஹைதர் அலி, சரி. நாங்கள் எங்கே, பாப்பா?" என்றார். மாணவி பென்சிலை எடுத்து, ஊராரைக் கேட்டுக் கேட்டு ஏரியையும் தோப்பையும் சுற்றுச் சிற்றூர்களையும் வரைபடத்திற் குறித்தார். அவ்வூர்கள் பல அம்புக் குறிகளின் கீழேயே வந்தன. 'பட்டாளம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடு' என்று தம் பாட்டி சொல்லக் கேட்டதை அம்மையார் கூறினார்.

அப்பொழுது எங்கள் ஆசிரியை ஸ்வார்ட்ஸ் ஐயரின் செய்தியை எடுத்துரைத்தார். அதே போரிற் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். வெளியே நெல் இருந்தது; ஆனால் அதனை ஏற்றி வர மாடுடையோர் மறுத்தனர். முன்பு பலமுறை கூலி பெறாது ஏமாந்தவர்கள் அவர்கள். அரசரின் சொல்லையும் கம்பெனியாரின் சொல்லையும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர், 'உங்கள் கூலிக்கு நான் பொறுப்பு' என்று சொன்ன பின்னரே மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது, கூலியும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. இதனைக் கேட்ட பெரியவர் திண்ணையிலிருந்தபடியே, "அதைத்தான் நானும் கேட்டேன்" என்றார். அனைவரும் நகைத்தோம், ஆயினும் அச்சொல்லின் பொருள் நகைப்பிற்குரியதன்று. படை வலியாலும் பண வலியாலும் கிடையாத இடம், முகங்கொடுத்து நிற்கும் ஒருவரின் சொல்லுக்குக் கிடைக்கின்றது.

30ஆம் தேதி காலை, கூடத்தைக் கழுவி, அண்டாக்களைத் துலக்கிக் கவிழ்த்து, ஜமுக்காளங்களை உதறிச் சுருட்டி வைத்தோம். குளியலறைக் கதவை மாணவர் இருவர் புதுக்கீல் வாங்கிப் பொருத்தினர். வாடகையும் மின்கட்டணமும் எண்ணிக் கொடுத்தபின் பெரியவர் ஒருமுறை கிணற்றடி வரை சென்று பார்த்து வந்தார். வந்து சாவியை வாங்கிக் கொண்டார். ஊர்கள் குறித்த வரைபடத்தின் படி ஒன்றை மாணவி பின்னர் எழுதியனுப்ப, அஃது இப்பொழுது அவ்வூர்ப் பள்ளியின் சுவரில் இருக்கின்றது.

இனி இத்தகைய யாத்திரை செய்ய விரும்பும் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். நகர விடுதிகளை நம்பிக் காத்திராமல், களத்திற்கு அருகிலுள்ள சிற்றூர்களை முன்னதாகவே நேரிற் சென்று பாருங்கள். மார்கழி மாதத்திற் கல்யாண மண்டபங்களை மறவாதீர்கள். குளிக்குமிடத்தின் கதவைத் திறந்து சாத்திப் பாருங்கள். அரிசியும் பருப்பும் அவ்வூர்க் கடையிலேயே விலைக்கு வாங்குங்கள். கடிதம் கொண்டு செல்லுங்கள். அதனோடு, மூன்று இரவும் உடன் தங்கிப் பொறுப்பேற்கும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும்பொழுது, அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியார் அதே திண்ணையில் வந்து நின்றால், அவர்களுக்கு எளிதில் இடங்கிடைக்கும்படி அவ்விடத்தை விட்டு வாருங்கள்.